முப்பத்தேழாவது கிண்ணம்

மணி அடித்ததும் உதவியாளர் ஆரோக்கியம் குவளைகளைச் சாய்க்க ஆரம்பித்தார். ஆறு நிமிடம் ஊறிய தேயிலைச் சாறு, மூடிக்கும் விளிம்புக்கும் நடுவிலிருந்து வடிந்து பக்கத்திலிருந்த வெள்ளைக் கிண்ணத்தில் இறங்கியது. இலை வெளியே வந்துவிடாமலிருக்கக் குவளையின் விளிம்பைப் பல் பல்லாக வெட்டிவிட்டிருப்பார்கள். இருபத்தாறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பற்களைக் குணசீலன் இன்றுதான் எண்ணினார். ஐந்து. ஐந்தும் வெள்ளை வெளேரென்று, எதையும் யாரும் தொடாமல். பீங்கானுக்கு இருக்கிற அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டார். நினைக்கும்போதே நாக்கு போய்விட்டது, கீழ்வரிசையில் வலதுபக்கம் கடைசிக்கு முந்தின பல்லுக்கு. அங்கே ஒரு மேடு. மேடு என்று சொல்வதுகூட அதிகம், ஒரு பருக்கை மணல் அளவுக்கு ஒரு உயர்வு. நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி, தேய்த்து, மறுபடியும் கடிக்கச் சொல்லித் தேய்த்து, 'இப்ப சரியா இருக்கா அங்கிள்?' என்று அந்தப் பல் டாக்டரம்மா கேட்டபோது சரியாக இருக்கிறது என்றுதான் அவரும் சொன்னார். மரத்துப்போன வாயை வைத்துக்கொண்டு சரி என்று எப்படிச் சொன்னார்? கிளினிக் படியிறங்கி மேட்டுப்பாளையம் பஸ் நிலையம் வரைக்கும் நடந்து வருவதற்குள் மரப்பு விட்டுவிட்டது, மேடு தெரிந்துவிட்டது. இருபத்தைந்து நாளாகத் தெரிந்துகொண்டே இருக்கிறது. மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அறுபது கிண்ணங்கள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. அறுபது தொழிற்சாலைச் சரக்கு. பதினொரு மணிக்குள் அறுபதையும் வாயில் வாங்கி, துப்பி, ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு வார்த்தை எழுத வேண்டும். அந்த வார்த்தையை நம்பித்தான் ஏலத்தில் மற்ற எல்லாம் நடக்கும். அதை நம்பித்தான் குணசீலனும் இத்தனை வருடம் நடந்திருக்கிறார். முகம் பார்க்கும் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டதைவிட அந்தக் கிண்ணங்களில் பார்த்துக்கொண்டதுதான் அதிகம்.

'போகட்டுமா சார்?' என்றாள் யோகராணி. இடது கையில் எழுதும் அட்டை, வலது கையில் கரண்டி, கால் பக்கத்தில் உருளும் துப்பல் தொட்டி. 'போம்மா, போ' என்றார். பெரியவர் முன்னால் போக, பழகுகிறவர் பின்னால் வருவதுதான் இந்த அறையின் வழக்கம். அவர் பழகியபோது வாசுதேவன் சார் பின்னால் ஒன்பது வருடம் போயிருக்கிறார், அவருடைய முதுகின் வியர்வைக் கோடு மனப்பாடம் ஆகிற அளவுக்கு. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலை அந்த வழக்கத்தை அவரே மாற்றினார். 'இனிமே நீ முன்னால போ. பின்னாலயே வந்தா உனக்குத் துணிச்சல் வராது' என்றார். அவள் கண் கலங்கிப்போனாள். பெரிய மனசு சார் உங்களுக்கு என்று சொல்லவில்லை, ஆனால் சொன்ன மாதிரி நின்றாள். அவள் முன்னால் போனால் அவள் எழுதுவது பின்னால் வருகிறவர் கண்ணில் படும். அதற்காகத்தான் அந்தப் பெரிய மனசு. அட்டையை அவள் மறைத்துப் பிடிப்பதே இல்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுக்குப் பயப்படத் தெரியாத பிள்ளைகள் இருக்குமே, அப்படி, எழுதிவிட்டு அட்டையை விரித்த கையில் ஏந்திக்கொண்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்வாள். முத்து முத்தான எழுத்து. 'நல்ல நிறம், சுறுசுறுப்பு.' 'லேசான கருகல்.' 'கோணி வாடை.' இரண்டு கிண்ணம் தள்ளி வரும் குணசீலன் அதைப் பார்ப்பார், பிறகு உறிஞ்சுவார், பிறகு அதையே வேறு வார்த்தையில் எழுதுவார். கருகலுக்குப் பதில் தீச்சல். கோணிக்குப் பதில் சாக்கு. இருபத்தாறு வருட அனுபவம் கடைசியில் ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல் கண்டுபிடிப்பதற்குப் பயன்பட்டது.

முதல் கிண்ணம். கரண்டியில் எடுத்து, காற்றோடு சேர்த்து, சர்ரென்று. நாக்கின் மேல், அண்ணத்தில், மூக்கின் பின்புறம். ஒரு நொடி. துப்பல். இரும்பு. இல்லை, இரும்பு இல்லை, தேயிலைதான், நல்ல தேயிலை, ஆனால் அதற்கு அடியில், கழுவாத சாவியை வாயில் வைத்தது போல ஏதோ ஒன்று. வீட்டுத் தண்ணீரிலும் அது இருந்தது. மோரிலும் இருந்தது. மனைவி செண்பகத்திடம் சொன்னதற்கு, 'வெள்ளைச் சிமெண்டுதானே வச்சாங்க, அதுல எங்கேருந்து இரும்பு வரும்? நாக்கை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க, அது அங்க போயி நக்கிக்கிட்டே இருந்தா அப்படித்தான் இருக்கும்' என்றாள். நாக்கை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இவர்கள் வீட்டில் உலை எப்படிக் கொதித்திருக்கும் என்று அவருக்குக் கேட்கத் தோன்றியது. அவளும் பாவம், கல்யாணமான நாளிலிருந்து வார நாட்களில் பெருங்காயம் இல்லாமல் ரசம் வைக்கிறாள். பூண்டு இல்லை, பச்சை வெங்காயம் இல்லை. வெற்றிலை அவர் கல்யாணத்தன்றுகூடப் போடவில்லை, மாமனார் வருத்தப்பட்டார். சிகரெட் நண்பர்கள் ஊதும்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்த்து நிற்பார். இப்படியெல்லாம் ஒரு வாயைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய மனிதர். யோகராணியோ காலையில் வரும்போதே கருவாட்டுக் குழம்பு வாசனையோடு வருவாள். 'அம்மா நேத்து வச்சது சார், மிச்சம் இருந்துச்சு, விட மனசு வரல' என்று சிரிப்பாள். வெந்நீரில் இரண்டு தடவை கொப்பளிப்பாள், அவ்வளவுதான், நேரே கிண்ணத்துக்குப் போய், 'சார், இது அடுப்பு அதிகம்' என்பாள். அதிகமாகத்தான் இருக்கும். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அவள் அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறாள். கொழுந்து பறிப்பவர்கள் எல்லோருக்கும் இந்த நாக்கு வந்துவிடுகிறதா என்ன? வராது. சிலருக்குச் சும்மா கொடுத்துவிடுகிறார்கள். கேட்காமலே, விரதம் இருக்காமலே, அள்ளி.

இரண்டு, மூன்று, நான்கு. நான்காவதில் அவள் 'மந்தம்' என்று எழுதியிருந்தாள். உறிஞ்சினார். மந்தமா? சாவி. சாவிக்கு மேலே மந்தமாக இருக்கலாம். 'தூக்கம்' என்று எழுதினார். அவள் அண்ணாந்து உறிஞ்சும்போது மேலுதடு தூக்கிக்கொண்டு பல்வரிசை பளிச்சென்று தெரிந்து மறையும். இவளும் மூன்று வருடமாக ஒரு நாளைக்கு நூறு கிண்ணம் வாயில் வாங்குகிறாள், ஒரு கறை ஒட்டவில்லை. ஒட்டும், அவசரப்படாதே, இருபத்தாறு வருடம் ஆகட்டும். ஆனால் அதற்குள் இவர் எங்கே இருந்து பார்க்கப்போகிறார்? ஆண்டு விழாப் போட்டோவில்தான் எல்லாம் ஆரம்பித்தது. முன்வரிசையில் அவள், பின்வரிசையில் இவர். மேனேஜர் குரியன் போட்டோக்காரருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, 'குணசீலன், ஒண்ணு சிரிங்க, யாரோ செத்த மாதிரி நிக்காதீங்க' என்றார். எல்லோரும் சிரித்தார்கள், இவரும் சிரித்தார், அந்த நேரம் பார்த்து எடுத்துவிட்டார்கள். அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார்கள். கீழே அவள் பற்கள். மேலே இவர் பற்கள், கழுவாமல் வைத்த டம்ளரின் உள்விளிம்பு மாதிரி. தினமும் காலையில் அதைக் கடந்துதான் உள்ளே வர வேண்டும். பதினேழு நாள் கடந்தார். பதினெட்டாவது நாள் லீவு போட்டுவிட்டு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினார். குன்னூரில் பார்க்கக் கூடாது. ருசி பார்ப்பவன் பல் டாக்டர் வாசலில் உட்கார்ந்திருந்தான் என்று தெரிந்தால் சாயங்காலத்துக்குள் எல்லாத் தரகுக் கம்பெனிக்கும் தெரிந்துவிடும். கிணற்றில் ஊற்று அடைத்துக்கொண்டது என்பது போலப் பேசுவார்கள். சுத்தம் செய்துகொள்ளத்தான் போனார். சுத்தம் மட்டும்தான். அதை நூறு தடவை தனக்குச் சொல்லிக்கொண்டுவிட்டார்.

எட்டு, ஒன்பது. ஒன்பது நல்ல தேயிலை, அவள் எழுதுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்தது, தெரிந்ததா, அல்லது அவள் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்துத் தெரிந்ததா? ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, தொழில். தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது. தேயிலை ருசி பார்ப்பவர் என்று எழுதினால் அந்தப் பெண் யாரிடமாவது சொல்வாள், சுற்றிச் சுற்றி மலைக்கு வரும். 'பிரைவேட்' என்று எழுதினார். ஒரு வார்த்தை. வார்த்தை எழுதுவதே பிழைப்பாக இருக்கிறவர் ஒரு வார்த்தையைத் தப்பாக எழுதினார். அந்த டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கண்ணாடியை விட்டுப் பார்த்து, ஒரு கூர்க்கம்பியால் தட்டித் தட்டி, 'நிறைய குழியில பிரவுனா இருக்கு அங்கிள். மொத்தம் பதினொண்ணு. இப்பவே அடைச்சிட்டா ரூட் கெனால் வரைக்கும் போகாது' என்றாள். வலியே இல்லையே என்று சொல்ல வாய் திறந்தார், ஏற்கனவே திறந்துதான் இருந்தது, பஞ்சு இருந்தது. 'வலி வந்தப்புறம் வந்தா லேட்டு' என்று அதற்கும் அவளே பதில் சொன்னாள். தலையாட்டினார். ஏன் ஆட்டினார்? தினமும் நூறு கிண்ணம் சாயம் போகிற வாய் அம்மா இது, பிரவுனாகத்தான் இருக்கும் என்று ஏன் சொல்லவில்லை? படிவத்தில் ஒளித்ததை வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தது. அப்புறம் அந்தச் சக்கரத்தின் சத்தம், எரிந்த கொம்பு வாசனை, முகத்தில் தெறித்த தண்ணீர். நான்கு தடவை போனார். ஒவ்வொரு தடவையும் திரும்பும்போது பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற, காது அடைத்துத் திறக்க, வாய்க்குள் ஒரு புது ஊர் கட்டிக்கொண்டு வருவது போல இருந்தது. முடிந்ததும் கையில் கண்ணாடியைக் கொடுத்தாள். வெள்ளையாகத்தான் இருந்தது. யோகராணியின் வெள்ளை இல்லை. அவளுடையது முளைத்த வெள்ளை, இது பூசிய வெள்ளை.

அதோடு விட்டிருக்கலாம். சாவியின் ருசி நான்காம் நாள் வந்ததும் பயந்துபோய், மஃப்ளரைத் தலையோடு சுற்றிக்கொண்டு, கோத்தகிரி ரோட்டில் இருக்கும் வயதான பல் டாக்டரிடம் போனார். மருந்து எதுவும் எழுதித் தராமல் இவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி வாய்க்குள் பார்த்தார் அவர். 'அடைச்சதெல்லாம் நல்லாத்தான் அடைச்சிருக்கு. இரும்பு கிரும்பு எதுவும் இல்லை' என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே, 'என்ன வேலை பாக்கறீங்க?' என்றார். இந்தத் தடவை உண்மையைச் சொன்னார். கிழவர் துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டுச் சிரித்தார். 'அடப்பாவமே. சொத்தையோ டீக்கறையோ, இனிமே எப்படிய்யா சொல்றது? சாட்சியைத்தான் தேய்ச்சு எடுத்தாச்சே.' விளையாட்டாகச் சொன்னார். ஒருவேளை பதினொன்றும் சொத்தையாகவே இருந்திருக்கலாம். ஐந்து சொத்தை, ஆறு கறையாக இருந்திருக்கலாம். பதினொன்றும் கறையாக இருந்திருக்கலாம். இனி யாருக்கும் தெரியாது, கடவுளுக்குத் தெரியலாம், அவர் பல்லைப் பற்றிப் பேசுகிறவர் இல்லை. தொலைந்துபோனது பொருளாக இருந்தால் தேடலாம். தொலைந்ததா இல்லையா என்பதே தெரியாததை எங்கே போய்த் தேடுவது? அன்றிலிருந்து நாக்கு ஒவ்வொரு பல்லாகப் போய் விசாரித்துக்கொண்டிருக்கிறது. நீ கறையா, நீ சொத்தையா, நீ யார்?

'சார், அந்த உருண்டை சாப்பிட்டீங்களா?' இருபதாவது கிண்ணத்தில் நின்று திரும்பிக் கேட்டாள் யோகராணி. முன்னால் போக விட்டதற்காக அவள் அம்மா கொடுத்தனுப்பிய பொரிவிளங்காய் உருண்டை. ஒரு டப்பா நிறைய. 'சாப்பிட்டேம்மா, நல்லா இருந்துச்சு.' 'அம்மா கேட்டுக்கிட்டே இருக்கு. கல்லு மாதிரி இருக்குமே சார், கடிக்க முடிஞ்சுதா?' 'அதெல்லாம் முடிஞ்சுது.' ஆரோக்கியம் கெட்டிலைத் துடைத்துக்கொண்டே, 'சாருக்கு என்ன, இரும்புப் பல்லு' என்றார். அவள் சிரித்தாள். குணசீலனும் சிரித்தார், உதட்டை மூடிக்கொண்டு. டப்பா மேசை இழுப்பறையில் அப்படியே இருக்கிறது. ஒன்றை எடுத்து முன்பல்லில் வைத்துப் பார்த்தார், பின்பல்லில் வைத்துப் பார்த்தார், அந்த மேட்டின் மேல் ஒரு பருப்பு உட்கார்ந்ததும் காது வரை ஒரு ஊசி போனது. அவளோ போன வாரம் அவர் கண் முன்னாலேயே ஒன்றைக் கடக்கென்று கடித்து இரண்டாக்கி, பாதியை ஆரோக்கியத்திடம் நீட்டினாள். அந்தக் கடக் இன்னும் இவர் காதில் இருக்கிறது. ஊட்டி வர்க்கிகூட இப்போது நனைத்துத்தான் சாப்பிடுகிறார். நாக்கு போனாலும் பல் இருக்க வேண்டும், பல் போனாலும் நாக்கு இருக்க வேண்டும், ஒருத்திக்கு இரண்டும், ஒருத்தனுக்கு இரண்டும் இல்லாமல், இது என்ன பங்கீடு? அவள் கெட்டவளாகவாவது இருந்திருக்கலாம். திமிர் பிடித்தவளாக, மேனேஜரிடம் கோள் சொல்கிறவளாக. அப்படி இருந்தால் எவ்வளவு நிம்மதியாக வெறுக்கலாம். 'சாருக்கு உடம்பு சரியில்லையா, ரெண்டு நாளா முகம் வாடியிருக்கு' என்று கேட்கிறவளை என்ன செய்வது?

இருபத்தெட்டு. முப்பது. முப்பத்துமூன்று கோணி, அதாவது சாக்கு. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவள் தப்பு செய்ய வேண்டும். மூன்று வாரமாக அவருக்கு வேறு வேண்டுதல் இல்லை. பெரிய தப்பாக வேண்டாம், அவள் வேலை போகிற அளவுக்கு வேண்டாம். குரியன் இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிவப்பு மையால் ஒரு வட்டம் போடுவாரே, அப்படி ஒரு வட்டம், அவள் பக்கத்தில். ஆனால் வட்டம் விழ வேண்டுமானால் இரண்டு பேரும் வேறு வேறாக எழுத வேண்டும். அவளைப் பார்த்தே இவர் எழுதும்போது எங்கேயிருந்து வட்டம் விழும்? குரியன் போன வாரம், 'அதிசயமா இருக்கே, இருபத்தாறு வருஷமும் மூணு வருஷமும் ஒரே மாதிரி எழுதுது. நல்லாப் பழக்கியிருக்கீங்க குணசீலன்' என்றார். அவள் பெருமையோடு இவரைப் பார்த்தாள். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முப்பத்தைந்தில் இருந்தபோது பார்த்தார், அவள் முப்பத்தேழைவிட்டு நகரவில்லை. உறிஞ்சினாள், துப்பினாள். மறுபடியும் உறிஞ்சினாள். மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினாள், வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அட்டையில் ஏதோ எழுதினாள், வழக்கமான எழுத்தில் இல்லை, சின்னதாக. முப்பத்தாறை அவசரமாக முடித்துவிட்டுக் கழுத்தை நீட்டினார். 'பித்தளை?' என்று இருந்தது. கேள்விக்குறியோடு. மூன்று வருடத்தில் அவள் கேள்விக்குறி போட்டு இவர் பார்த்ததில்லை. பறித்த கொழுந்தைச் சரியாக வாடவிடாமல் அவசரப்பட்டு இயந்திரத்தில் போட்டால் தேயிலையில் அந்த ருசி வரும், பித்தளைச் செம்பில் வைத்த தண்ணீர் மாதிரி. முப்பத்தேழு யாருடைய சரக்கு என்று சீட்டைப் பார்த்தார். பல வருடமாகக் குறை சொல்ல முடியாத தொழிற்சாலை. அவர்கள் சரக்கில் பித்தளை என்று சொல்வது சின்ன விஷயம் இல்லை, அவர்களுடைய ஆள் நேரில் வந்து நிற்பார். இருக்கும்போது சொல்லாமல் விடுவதும் சின்ன விஷயம் இல்லை, வாங்கினவர் வந்து நிற்பார். கரண்டியில் எடுத்தார். சர்ரென்று இழுத்தார். வந்தது, சாவி. எப்போதும் வருகிற சாவியா, இது வேறு சாவியா? இன்னொரு தடவை. நாக்கு தேயிலையை விட்டுவிட்டு அந்த மேட்டுக்கு ஓடியது, அதை இழுத்துக்கொண்டு வந்தார், மறுபடியும் ஓடியது. எல்லாக் கிண்ணத்திலும் இரும்பு தெரிகிறவனுக்கு ஒரு கிண்ணத்தில் பித்தளை எப்படித் தெரியும்?

அவள் திரும்பி நின்றாள். குரலைத் தாழ்த்தி, 'சார், இதுல பித்தளை வருதா? எனக்கு வர்ற மாதிரி இருக்கு, ஆனா இவங்க சரக்குல வராதேன்னும் இருக்கு. நீங்க சொல்லுங்க' என்றாள். ருசி பார்க்கிறபோது ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது. அவளுக்கும் தெரியும். கேட்டது நம்பிக்கையினால். அவள் வாய் கொஞ்சம் திறந்திருந்தது, பதிலுக்காக. கீழ்வரிசைப் பற்கள் நான்கு தெரிந்தன, நனைந்து, மினுங்கிக்கொண்டு. எனக்குத் தெரியவில்லையம்மா என்று சொல்லலாம். அதுதான் உண்மை. அதைச் சொன்னால் ஏன் தெரியவில்லை என்ற கேள்வி வரும், மேட்டுப்பாளையம் வரும், பதினொன்று வரும், மூன்று வாரம் பார்த்து எழுதியது வரும். கண்ணுக்குள் சிவப்பு மை வட்டம் ஒன்று மெல்ல உருவாகிக்கொண்டே வந்தது. 'எனக்கு ஒண்ணும் வரலையே' என்றார் குணசீலன். சாதாரணமாக, மழை வருமா என்று கேட்டவருக்கு வராது என்று சொல்வது போல. 'வரலையா?' 'காலையில என்ன சாப்பிட்டே?' அவள் முகம் விழுந்தது. 'கருவாடு' என்றாள். 'அதான்' என்றார். அந்த 'அதான்' வாயிலிருந்து போகும்போதே அதன் ருசி அவருக்குத் தெரிந்தது. அவள் பேனாவை எடுத்து 'பித்தளை?' என்பதன் மேல் ஒரு கோடு போட்டாள், நிதானமாக, கேள்விக்குறியையும் சேர்த்து. பக்கத்தில் 'நன்று' என்று எழுதினாள். 'இனிமே கருவாடு தொடமாட்டேன் சார்' என்றாள். நகர்ந்துவிட்டாள், முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது, கொஞ்சம் வேகமாக, பின்னால் பார்க்காமல்.

முப்பத்தெட்டை அவர் கவனமில்லாமல்தான் உறிஞ்சினார். மனம் அந்தக் கோட்டின் மேல் இருந்தது, பல்லின் மேல் இல்லை, தேயிலையின் மேலும் இல்லை. வாய்க்குள் ஏதோ ஒன்று திறந்துகொண்டது. நல்ல, தெளிவான, லேசாக எலுமிச்சம்பூ மணக்கிற மலைத் தேயிலை. அதற்கு அடியில் ஒன்றும் இல்லை. துப்ப மறந்து விழுங்கிவிட்டார். விழுங்கிய பிறகும் ஒன்றும் இல்லை. முப்பத்தொன்பது. கொஞ்சம் அடுப்பு அதிகம், ஆனால் அடுப்புதான், வேறில்லை. சாவி எங்கே? முப்பத்தேழுக்குத் திரும்பி வந்து ஒரு கரண்டி எடுத்தார். பித்தளை. கன்னத்தில் அடித்தது போல, மறைக்க ஒன்றும் இல்லாமல், நாக்கின் இரண்டு ஓரத்தையும் பிடித்து இழுக்கிற பச்சைப் பித்தளை. நிஜமான ஒன்று வந்து நின்றதும் மூன்று வாரமாக வாய்க்குள் இருந்தது எதுவுமே இல்லை என்று தெரிந்தது. பயத்துக்கு ஒரு ருசி இருக்கிறது, அது கொஞ்சம் இரும்பைப் போல இருக்கிறது, அவ்வளவுதான். மறுபடியும் முப்பத்தெட்டு, ஒன்றும் இல்லை. மறுபடியும் முப்பத்தேழு, பித்தளை. இருக்கிறது, நாக்கு இருக்கிறது, எங்கேயும் போகவில்லை, இங்கேதான் இருந்திருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செண்பகத்தைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போல, வாசுதேவன் சார் உயிரோடு இருந்தால் அவர் காலில் விழ வேண்டும் போல, அந்த டாக்டரம்மாவைக்கூட மன்னித்துவிடலாம் போல இருந்தது. பதினொன்று போனால் போகட்டும், கறையோ சொத்தையோ, மண்ணுக்குப் போகிற பல்தானே. கதவைத் திறந்துகொண்டு குரியன் உள்ளே வந்தார். 'என்ன குணசீலன், முப்பத்தேழுலயே நிக்கறீங்க?' என்றார்.

'சார், இதுல பித்தளை' என்றார் குணசீலன். யோசித்துச் சொல்லவில்லை. குழந்தை கண்டுபிடித்ததைக் காட்டுவது போல வாயிலிருந்து துள்ளி வந்துவிட்டது, கொஞ்சம் உரக்கவே. சொல்லி முடித்த பிறகுதான் நாற்பத்தொன்றாவது கிண்ணத்தின் அருகே அவள் நிற்பது நினைவுக்கு வந்தது. குரியன் ஒரு கரண்டி எடுத்து உறிஞ்சினார், நெற்றி சுருங்கியது, துப்பினார். 'ஆமா, இருக்கு. இவங்க சரக்குலயா? நல்லவேளை.' குணசீலன் தோளைத் தட்டினார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, 'யோகராணி, நீ என்ன போட்டிருக்கே?' என்றார். இப்போது சொல்வாள். நான்தான் முதலில் எழுதினேன் சார், அடித்த கோட்டைப் பாருங்கள், இவரைக் கேட்டேன், கருவாடு என்றார். சொல்லிவிடு என்று குணசீலனுக்குள் ஒரு குரல் கேட்டது, சொல்லிவிடாதே என்று இன்னொன்று. தானே சொல்லிவிடலாம், ஒரே வரி, இந்தப் பொண்ணுதான் சார் முதல்ல பார்த்தது. அந்த வரி தொண்டை வரை வந்தது. தட்டப்பட்ட தோளில் இன்னும் சூடு இருந்தது. யோகராணி அவரைப் பார்த்தாள். கோபமாக இருந்தால் தாங்கியிருப்பார். ஒரு கிண்ணத்தைப் பார்ப்பது போல, நிறம் பார்ப்பது போல, எழுதுவதற்கு முன்னால் பார்ப்பது போலப் பார்த்தாள். 'நன்றுன்னு போட்டுட்டேன் சார்' என்றாள் குரியனிடம். 'இன்னும் பழகணும் பாத்தியா. நாக்குன்னா அது இருபத்தாறு வருஷம்' என்று சொல்லி அவள் அட்டையை வாங்கி, சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, முப்பத்தேழுக்கு நேரே ஒரு வட்டம் போட்டார். அடித்திருந்த வார்த்தையை அவர் கவனிக்கவில்லை. வட்டம் அதன் மேலேயும் போயிற்று. அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனதும், ஆரோக்கியம் முப்பத்தேழாம் கிண்ணத்தை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தார்.

மேசை ஓரத்தில் இன்னும் இருபதுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிண்ணங்கள் இருந்தன, ஆவி அடங்கிப்போய். அவள் நாற்பத்தொன்றை உறிஞ்சினாள், துப்பினாள். குணசீலன் நாற்பதுக்கு வந்தார். உறிஞ்சினார். நல்ல நிறம், கொஞ்சம் மந்தம், சந்தேகமே இல்லை, பளிங்கு போலத் தெரிந்தது. அதையே எழுதினார். இனி யாருடைய அட்டையையும் பார்க்க வேண்டியதில்லை. அவள் எழுதப் போனாள். எழுதுவதற்கு முன்னால் இடது கை விரல்களைக் குவித்து, அட்டையின் மேல், தான் எழுதப்போகும் வரிக்கு முன்னால் ஒரு சின்னச் சுவர் மாதிரி வைத்துக்கொண்டாள். அந்தக் கைக்குப் பின்னால் பேனா நகர்வது மட்டும் தெரிந்தது. நீளமான வார்த்தை போலிருந்தது. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. இருந்தும் குணசீலனின் கழுத்து தானாக நீண்டது. அவள் திரும்பவில்லை, விரல்களை மட்டும் இன்னும் கொஞ்சம் நெருக்கிவைத்தாள்.